கதவில் இல்லாத பழுது

யாரும் வெளியே போகாத நேரத்தில் மூட்டை என்கிற நாய் ஊளையிட்டது. மருமகள் நிஜமாகவே வெளியே போனபோது அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அன்று விடிகாலையிலும் அப்படித்தான். அவள் சீருடை போட்டாள். கருவிப் பையைத் தோளில் மாட்டினாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பக்கத்திலேயே பழைய போர்வையில் சுருண்டு கிடந்த மூட்டை ஒரு காதை அசைத்தது. பிறகு மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு தூங்கப் போய்விட்டது.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வேலை முடிந்து திரும்பினாள். மாடிப்படி ஏறும்போதே ஊளை கேட்டது. உள்ளே மூட்டை செருப்புகளின் மேல் குறுக்கே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. தரையில் ஈரம். மாமியார் துடைக்கிற துணியோடு நின்றார்.

"யாரு வெளிய போனாங்க அத்தை?"

"ஒருத்தரும் போகலம்மா. நான் அடுப்படியில இருந்தேன். உன் வீட்டுக்காரன் குளிச்சிட்டிருக்கான். போன் அடிச்சுது, எடுக்க ஓடி வந்தேன். எனக்கு முன்னாடி இது ஓடி வந்து இங்க விழுந்து கிடக்கு."

"போன்ல யாரு?"

"யாரோ. எடுத்தா பேச்சே இல்ல, மூச்சு மட்டும் கேக்குது. அப்புறம் வெச்சுட்டாங்க."

போன வாரம்தான் மூட்டை இந்த வீட்டுக்குள் கால் வைத்தது. காப்பகத்தில் மற்ற நாய்கள் எல்லாம் கம்பியில் ஏறி நின்று குரைத்துக்கொண்டிருக்க, இது மட்டும் சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தது. "யாரு துணி மூட்டையை விட்டுட்டுப் போனது?" என்று மாமியார் கேட்டார். அதுவே பெயராகிவிட்டது.

பிடிவாதமாகக் கூட்டி வந்தவள் மருமகள். வேண்டாம் என்று சொன்னவர் மாமியார். ஆனால் இரண்டாம் நாளே, தையல் மிஷினுக்குக் கீழே மாமியாரின் காலடியில் மூட்டை தலையைச் சாய்த்துக்கொள்ள, "சரி, மிதிக்கிற காலை மட்டும் விட்டுட்டுப் படு" என்று அவரும் கட்சி மாறிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், மூட்டையை ஏற்கெனவே இரண்டு வீட்டார் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே புகார்: கதவுப் பக்கம் போய்க் கத்துகிறது. காப்பகத்து மேடம் கண்டிப்பானவர்.

"மூணாவது தடவையும் திரும்பி வந்தா நான் வேற வீட்டுக்குக் குடுக்க மாட்டேன். வீடு வீடா மாத்துறதுதான் இதுக்குப் பெரிய கொடுமை. கூண்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

அந்த மேடம் இன்று சாயங்காலம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மருமகள் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பே வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடிகாலை ஷிஃப்ட். அவள் கைபட்டுச் சரியாகாத லிஃப்ட் இல்லை என்று கம்பெனியில் பேச்சு. அப்பேர்ப்பட்டவள் நாலு கால் ஜீவன் ஒன்றுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"சாவிச் சத்தமா இருக்கும்னு நினைச்சோம்" என்றாள்.

"நினைச்சுதான் சாவியைச் சர்க்கரை டப்பாவுல ஒளிச்சு வெச்ச. நான் தேடித் தேடி வேலைக்கு லேட்டாப் போனேன்" என்றான் மகன், தலையைத் துவட்டிக்கொண்டே. அவன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின்களைக் கவனித்துக்கொள்பவன். "செருப்பு ஸ்டாண்டைப் பாத்ரூமுக்கு மாத்தினோம். என் ஷூ ஒரு நாள் முழுக்கத் தவளை மாதிரி சத்தம் போட்டுது. அப்பவும் இது வெறும் தரையில படுத்துக் கத்துச்சு, ஸ்டாண்டைத் திருப்பிக் கொண்டு வந்துட்டோம். எனக்கு என்ன தோணுதுன்னா, நாய்ங்களுக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியுமாம்."

"அப்படி ஏதாவது வந்தா முதல்ல உன் ரூமைப் பாத்துட்டு அதுவே பயந்து ஓடிடும்" என்றார் அம்மா. "போய் ரொட்டி வாங்கிட்டு வா."

"வரேன்மா."

மூட்டை மறுபடி எழுந்து கதவுக்கு ஓடியது. அவன் அதைத் தாண்டி, ஒரு காலைத் தூக்கி, கதவைச் சாத்திக்கொண்டு இறங்குவதற்குள் ஊளை தெருவை எட்டிவிட்டது.

"இவன் போனா கத்துது, நான் போனா கத்தல, யாருமே போகலன்னாலும் கத்துது" என்றாள் மருமகள். "இது என்ன கணக்கு அத்தை?"

"என்னைக் கேட்டா? மிஷின் எங்க நின்னாலும் நீதானே சரி பண்ற?"

கீழ்வீட்டு நர்ஸ் மேலே வந்தாள். இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கண் இரண்டும் சிவந்திருந்தன. தலைமுடி ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கண்ணை மூடினா ஊளை, மூடினா ஊளை. ஒரு ஊசி மாத்திப் போட்டுட்டா என்னம்மா பண்ணுவேன்?"

அவள் கேட்டது நியாயம்.

மூட்டை மெல்ல எழுந்து வந்து நர்ஸின் புடவை ஓரத்தை மோந்தது. பிறகு அவள் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"அடடா" என்றாள் நர்ஸ். கை தானாகக் கீழே போய் அதன் தலையைத் தடவியது. "இதுவா அப்படிக் கத்துது? பாத்தா பச்சப்புள்ளையாட்டம் இருக்கு."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்கக்கா" என்றாள் மருமகள். "சாயங்காலம் காப்பகத்துல இருந்து வராங்க. அதுக்குள்ள சரியாகலன்னா கூட்டிட்டுப் போயிடுவாங்க."

நர்ஸுக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் கூட்டிட்டுப் போகச் சொல்லல. பாவம், பாருங்க. உங்களால முடிஞ்சதைப் பண்ணுங்க. சரிம்மா, நான் வரேன்."

அவள் பாதத்தில் உட்கார்ந்திருந்த மூட்டை சுட்டதுபோலத் துள்ளி எழுந்தது. கதவின் அடியில் மூக்கை வைத்து, கழுத்தை நீட்டி, நீளமாக ஒரு ஊளை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டு கதவைத் திறக்கவும் முடியாமல், உள்ளே நிற்கவும் முடியாமல் தவித்தாள். "நான் என்னம்மா பண்ணினேன் இப்ப?"

மூட்டையைப் பிடித்து இழுத்து அவளை வெளியே அனுப்புவதற்குள் மருமகளுக்கு வியர்த்துவிட்டது.

அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் தொழிலில் கற்ற முதல் பாடத்தை நினைத்துப் பார்த்தாள்.

லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் விரல் நகம் அளவுக்கு ஒரு தொடுமுனை இருக்கும். கதவு சரியாக மூடினால் அது ஒட்டும். மின்சாரம் அதைக் கடந்து அடுத்த மாடிக்குப் போகும். எல்லா மாடித் தொடுமுனைகளும் ஒரே கம்பியில் பூக்கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். எந்த மாடியில் ஒன்று விலகினாலும் மாலை அறுந்துவிடும். லிஃப்ட் அப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அதனால் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றால் மூன்றாம் மாடியைக் குடைகிறவருக்கு அன்று முழுக்க வேலை முடியாது. பழுது ஏழாம் மாடியில் சிரித்துக்கொண்டிருக்கும்.

"அத்தை, நாம இத்தனை நாளா கதவையே பாத்துட்டு இருக்கோம்."

"கதவுகிட்டதானே கத்துது?"

"அங்க வந்து நிக்குது. அவ்வளவுதான். பழுது வேற எங்கயோ இருக்கு." அவள் எழுந்தாள். "ஒரு சோதனை பண்ணலாம். நான் பண்றதை அப்படியே நீங்களும் பண்ணணும்."

சாவியை எடுத்தாள். செருப்பைப் போட்டாள். கதவைத் திறந்து வெளியே போனாள். சற்று நின்றுவிட்டு உள்ளே வந்தாள். மூட்டை போர்வையில் படுத்தபடியே பார்த்தது. கொட்டாவி விட்டது.

"இப்ப நீங்க."

மாமியார் சாவியை எடுத்தார். செருப்பைப் போட்டார். "வரேன்" என்றார். கதவில் கை வைப்பதற்குள் மூட்டை அவர் காலுக்கும் கதவுக்கும் நடுவில் பாய்ந்து விழுந்து ஊளையிட்டது.

அதே சாவி, அதே கதவு. மருமகள் குழம்பிப்போய்ப் பார்த்தாள். மாமியாரோ நாயைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லலையே" என்றார்.

"என்னது அத்தை?"

"வரேன்னு சொல்லல. தொறந்தே, போனே."

"சும்மா சோதனைக்குத்தானே அத்தை."

"காலையில வேலைக்குப் போறப்ப?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. சொல்லாமலும் போகக் கூடாது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவர்கூட "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியேற வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவர் ஒருமுறை "நான் போறேன்மா" என்று சொல்லிவிட, அவரை மறுபடி உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்து அனுப்பியவர் மாமியார். கட்டடம் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கும்.

மாமியாரின் மூத்த மகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு நாள் கோபத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனவள் அவள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலுக்குத் திரும்பி வரவே இல்லை.

"தினமும் சொல்லாமதான் போறியா?" என்றார் மாமியார்.

"நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டிருப்பீங்க. எழுப்ப வேணாமேன்னு..."

"நான் முழிச்சுதான் படுத்திருப்பேன். நீ மெதுவா சொல்லிட்டுப் போற, என் காதுதான் மந்தமாயிடுச்சுன்னு நினைச்சுக்குவேன்."

மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்க வந்தது பாதியில் நின்றது. கண் அகன்றது.

"அத்தை, காலையில போன் அடிச்சப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? இதோ வரேன், இதோ வரேன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தேன்."

"உங்க மகன் ரொட்டி வாங்கப் போறப்ப?"

"வரேன்னான்."

"நர்ஸக்கா?"

மாமியார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கயும் போக வேணாம்" என்றாள் மருமகள். "உட்கார்ந்துக்கிட்டே தைங்க. மூட்டை அமைதியானதும் அந்த வார்த்தையை மட்டும் சொல்லுங்க."

மூட்டை அடங்கிப் போர்வைக்குத் திரும்பும்வரை காத்திருந்தார்கள். மாமியார் ஊசியில் நூலைக் கோத்தார். துணியை மடித்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"வரேன்."

மூட்டை கதவை நோக்கிப் பாய்ந்தது.

ரொட்டியோடு வந்த மகன், தலை வாராமல் தரையில் உட்கார்ந்திருந்த மனைவியையும், ஊசியைக் கையில் பிடித்தபடி உறைந்திருந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னார்கள். அவன் நம்பவில்லை.

"'வா'ன்னு கூப்பிட்டா வாலை ஆட்டிக்கிட்டு வருதே? ரெண்டும் ஒரே வார்த்தைதானே?"

"நமக்குத்தாங்க ஒரே வார்த்தை. அதுக்கு 'வா'ன்னா பிஸ்கட். 'வரேன்'னா கதவு" என்றாள் மருமகள்.

நாய்க்கு இலக்கணம் தெரியாது. ஒரு சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் அதற்கு அந்தச் சத்தத்தின் பொருள். நாம் "வரேன்" என்று சொன்னால் திரும்பி வருவேன் என்று பொருள். மூட்டை கண்டதோ, அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு முதுகு திரும்பும், ஒரு கதவு மூடும். அதிலும் இந்த வீட்டில் அடுப்படியிலிருந்து, குளியலறையிலிருந்து, மொட்டை மாடியிலிருந்து நாள் முழுக்க "இதோ வரேன்". பிரிவு மணி ஓயாமல் அடிக்கிறது; பாதி நேரம் யாரும் பிரிவதில்லை.

"நாமதான் குழம்புறோம்னு நினைச்சோம்" என்றான் மகன். "இதுக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

காரணம் தெரிந்துவிட்டது. பயத்தை எடுப்பது எப்படி? மருமகள் வேகவைத்த முட்டையைப் பொடியாக நறுக்கி மாமியாரிடம் கொடுத்தாள். வார்த்தையைச் சொல்லி உடனே ஒரு துண்டு தருவது என்று திட்டம்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. மாமியார் சொன்னார், மூட்டை ஓடியது, மூக்குக்கு நேரே முட்டையை நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் தொண்டையை அடைத்த பிறகு எதுவும் உள்ளே இறங்காது, மனிதர்களுக்கும்தான்.

"அப்ப பயம் வர்றதுக்கு முன்னாடி குடுக்கணும்" என்றாள் மருமகள். "காதோட காதா சொல்ற மாதிரி சொல்லுங்க அத்தை. அதுக்குக் காது மட்டும் ஆடணும். கால் எழுந்திரிக்கக் கூடாது."

மாமியார் உதட்டை அசைத்தார். சத்தமே வரவில்லை.

"கொஞ்சம் கேக்கணும்."

"ஊர் முழுக்கக் கேக்குற மாதிரியே பேசிப் பழகிட்டேன். இதுக்கு நான்தான் முதல்ல பழகணும்."

மூச்சுக்காற்றுபோல "வரேன்" என்றார். மூட்டையின் காது நிமிர்ந்தது. கால் எழுவதற்குள் முட்டை வாய்க்கருகே வந்துவிட்டது. தின்றது. மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுபடி சொன்னார். மறுபடி முட்டை. யாரும் எங்கும் போகவில்லை. மகன் மெல்லக் கைதட்டப் போக, இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பி முறைத்தார்கள்.

நடுவில் போன் அடித்தது. மாமியார் வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்துபோய் எடுத்தார். பேசுவார் இல்லை. அதே மூச்சு. வழக்கமாக "யாரு? யாருங்க?" என்று அதட்டுகிறவர், சற்று நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வீட்டுலதான் இருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மாமியார் போனைக் காதிலிருந்து எடுக்க நேரமாயிற்று.

"யாரு அத்தை?"

"தெரியாத நம்பர்" என்று சொல்லிவிட்டு அவர் முட்டைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். மருமகளுக்கு மூத்த மகளின் நினைப்பு வந்தது.

மாலை நெருங்கும்போது, தாழ்ந்த குரலில் "வரேன்" என்றால் மூட்டை கதவைப் பார்க்கவில்லை. மாமியாரின் கையைப் பார்த்தது. ஆனால் வழக்கமான குரலில் சொன்னால் இன்னும் எழுந்து நின்றது. ஒரு நாளில் ஆகிற காரியமா அது?

காப்பகத்து மேடம் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மூட்டையின் முதுகைத் தடவினார்.

"இதை நாங்க ஒரு காலி வீட்டுலேர்ந்து எடுத்தோம். குடியிருந்தவங்க சாமானெல்லாம் ஏத்திட்டுப் போயிட்டாங்க. இது உள்பக்கம், கதவை ஒட்டிப் படுத்திருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுதான் எடுத்தாங்க."

பிறகு மாமியார் சொன்னார்:

"அவங்களும் வரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருப்பாங்க."

மேடம் தலையசைத்தார். "நீங்க சொல்ற காரணம் சரியா இருக்கலாம். ஆனா எனக்குக் கண்ணால பாக்கணும். இந்த வீட்டு ஆள் ஒருத்தர் இப்ப நிஜமாவே வெளிய போகணும்."

மகனுக்குச் சாயங்கால ஷிஃப்ட். பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். சாவியை எடுத்தான், ஷூவைப் போட்டான். கதவருகே போனதும் பழக்கத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். சிறுவயதிலிருந்து அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவன் வாசலைத் தாண்டியதில்லை.

மகள் ஒருத்தி தவறான வார்த்தை சொல்லிவிட்டுப் போன வாசல் அது. இப்போது மகன் வார்த்தையே இல்லாமல் போக வேண்டும். போகச் சொல்ல வேண்டியவரும் அம்மாதான். அவர் கையிலிருந்த துணி கசங்கியது. மருமகள் அவரைப் பார்க்கத் துணியாமல் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். போ என்பதுபோல முகவாயை அசைத்தார்.

மகன் போனான். கதவு சாத்திக்கொண்டது. படிகளில் அவன் காலடி இறங்கி இறங்கித் தேய்ந்தது.

மூட்டை எழுந்தது. அது கதவை ஒருமுறை பார்த்தது. தையல் மிஷினைப் பார்த்தது. அங்கே மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் காலடிக்கு வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டது.

"இங்கயே இருக்கட்டும்" என்றார் மேடம். "இது எங்கயும் வர வேணாம்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ரொம்ப சந்தோஷம்மா. அப்ப நான்..."

"சொல்லாதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், கையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவினார். கீழ்வீட்டிலிருந்து சத்தம் ஏதும் இல்லை. நர்ஸ் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"அத்தை" என்றாள் மருமகள், "உங்களுக்கு மனசு கேக்குமா? தினமும் நாங்க இப்படிச் சொல்லாமலே போனா?"

மாமியார் குனிந்து மூட்டையின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். மருமகளுக்கு மட்டும் சொன்ன மாதிரி இல்லை, வீட்டுக்கே சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுல போறவங்க பேசாம போகணும். வாசல்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. 'வரேன்'ங்கிறதை உட்கார்ந்துக்கிட்டுதான் சொல்லணும், மெதுவா சொல்லணும், சொல்லிட்டு இதுக்கு ஒரு துண்டு முட்டை குடுத்துட்டு, அங்கயே இருக்கணும்."